லினக்ஸுக்காக மாப்பிள்ளையைத் திருப்பிய கதை

கொட்டாங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. வந்த நாள் முதல் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலும் ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் கூட்டாக ‘நால்வர் பந்தல் மற்றும் மைக்செட்’ நடத்தினார்கள்.

மூத்தவர் அழகுமலை. எந்த விவாதத்தையும் முடித்துவைப்பது அவர்தான், ஏனென்றால் அவருக்குத்தான் முதலில் பசிக்கும். வீரணன் மைக்செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் பொறுப்பு. இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் தெரிந்தவன் நால்வரில் அவன் ஒருவனே. பிச்சைமணி கயிற்று ஆள். அவன் போட்ட முடிச்சை அவனாலேயே அவிழ்க்க முடியாது என்பது சுற்று வட்டாரத்தில் அவன் சம்பாதித்த நல்ல பெயர். நாலாவது ஆள் பொன்னுக்காளை. இந்தக் கதைக்கு மாப்பிள்ளை.

பொன்னுக்காளைக்கு முப்பத்தாறு வயது. நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களுக்குப் பந்தல் கட்டியிருந்தான். மணவறைக்கு நேர் மேலே வரும் பூச்சரத்தை மட்டும் வேறு யாரையும் தொடவிட மாட்டான். தானே ஏறிக் கட்டிவிட்டு, இறங்கும்போது ஒரு பெருமூச்சு விடுவான். நானூற்றுப் பதின்மூன்றாவது பந்தல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நாலு வருஷமாகவே வேண்டிக்கொண்டிருந்தான். முந்நூற்று ஒன்றாவதிலிருந்தே அந்த எண் மட்டும் மாறிக்கொண்டே வந்தது, வேண்டுதல் மாறவில்லை.

கடைசியில் தரகர் சொக்கர் ஒரு இடம் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் சண்முகவடிவு. பக்கத்து டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். போட்டோவில் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் எந்த நிமிஷமும் சிரித்துவிடுவாள் என்று தோன்றியது. பொன்னுக்காளை அந்தப் போட்டோவைப் பார்த்ததோடு சரி, அன்றைக்குக் கட்டின சாமியானாவில் ஒரு காலை நட மறந்துவிட்டான்.

சொக்கர் தரகர் இல்லையா, வாயைச் சும்மா வைத்திருப்பாரா? “மாப்பிள்ளைக்கு எல்லாமே கம்ப்யூட்டர்தான். பந்தலே கம்ப்யூட்டர்லதான் கட்டுறார்” என்று பெண் வீட்டில் அளந்துவிட்டார். அதற்கு வடிவு, “அப்படியா? அப்ப ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு அந்தக் கம்ப்யூட்டர்லயே வந்து பேசச் சொல்லுங்க. போன்ல வந்தா வேண்டாம். பொய் சொல்ற ஆளும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நால்வரிடமும் இருந்தது பட்டன் போன். கம்ப்யூட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் படம் போட்ட ஒரு காலண்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

டவுனில் பழைய லேப்டாப் பழுது பார்க்கும் மைதீன் பாய் தங்கமான மனிதர். கதையைக் கேட்டு மனம் இளகி, ஒரு பழைய லேப்டாப்பைத் தேற்றிக் கொடுத்தார்.

“இது கெழட்டு மெஷின். கனமான சிஸ்டம் போட்டா படுத்துரும். அதனால லினக்ஸ்னு ஒரு லேசான சிஸ்டம் போட்டிருக்கேன். தயவுசெஞ்சு மேல கனத்தை ஏத்தாதீங்க. வைஃபை, சத்தம், கேமராவெல்லாம் நீங்கதான் ஒவ்வொண்ணா எழுப்பணும். எப்படின்னு இந்தக் காலண்டர் தாள் பின்னாடி எழுதியிருக்கேன். எழுதியிருக்கிறதை அப்படியே செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க.”

“அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம் பாய்” என்றார் அழகுமலை.

லேப்டாப்பைப் பந்தல் சாமான் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட பிரியாணி அண்டாவின் மேல் வைத்தார்கள். புதுப் பொருள் ஆயிற்றே என்று பிச்சைமணி மாலை கொண்டுவந்தான்.

“நில்லு. மாலை கனம்” என்றார் அழகுமலை.

“அப்ப ஒத்தைப் பூ?”

“பூவும் கனம்தான். பாய் எத்தனை கிராம்னு சொல்லலையே.”

“குங்குமம்?”

நால்வரும் யோசித்தார்கள். வீரணன், “ஒரு பொட்டு தாங்கும்ணே” என்றான். “எதுக்கு வம்பு? எதிர்த்தாப்ல இருக்கிற தூணுக்கு வை. பாத்துக்கிடட்டும்” என்று அழகுமலை முடித்தார். தூணுக்குப் பொட்டு வைத்து, தூணுக்கே மாலையும் போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். அதற்குள் ஒரு ஈ வந்து லேப்டாப்பின் மேல் உட்கார்ந்தது. அது தானாக எழுந்து போகும்வரை, முக்கால் மணி நேரம், வேலை நின்றது. விரட்டினால் எழும்பும்போது காலை ஊன்றுமே என்பது பொன்னுக்காளையின் பயம்.

தாளில் முதல் வரி இது: ‘பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாது. பயப்படாமல் அடிக்கவும்.’

வீரணன் விரலை நீட்டினான். அழகுமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுத்து உன் கண்ணுக்குத் தெரியுதா?”

“தெரியுதுண்ணே. பட்டன் மேலேயே எழுதியிருக்கு.”

“தெரியக்கூடாதுன்னு எழுதியிருக்கே. கண்ணை மூடு. நீங்களும் மூடுங்கடா.”

நால்வரும் கண்ணை மூடினார்கள். லேப்டாப்புக்கும் நெற்றியில் ஒரு சின்னக் கண் இருப்பதைப் பொன்னுக்காளை ஞாபகப்படுத்தினான். அதன் மேல் துண்டைப் போட்டார்கள், துண்டின் பாரம் படாமல் இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

“பயமா இருக்காடா?” என்று கேட்டார் அழகுமலை.

“லேசா இருக்குண்ணே.”

“அப்ப அடிக்காத. பயப்படாமன்னு போட்டிருக்கு.”

வீரணனுக்குப் பயம் போகட்டும் என்று இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார்கள். வடை தீர்ந்ததும் பயம் போய்விட்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாய் எழுதிக் கொடுத்த ‘malligai’ என்ற எட்டு எழுத்தை அடிப்பது சாமானியமா? ஒவ்வொரு தடவையும் லேப்டாப் ‘தப்பு, மறுபடி’ என்றது. நாற்பத்தோராவது தடவை எப்படியோ சரியாகிவிட்டது. நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்றைய வேலை அதோடு முடிந்தது.

மறுநாள் வைஃபை. பக்கத்துக் கடைக் கேபிள்காரர் தன் இணைப்பைக் கொடுத்திருந்தார். தாளில் இருந்த வரியை அடித்ததும் லேப்டாப் ஒரு கேள்வி கேட்டது. தொடரட்டுமா, ஆமாவா இல்லையா என்று வீரணன் எழுத்துக் கூட்டிச் சொன்னான்.

நால்வருக்கும் உடம்பு புல்லரித்துப் போயிற்று. இதுவரை யாரும் அவர்களை எதையும் கேட்டுச் செய்ததில்லை.

“எவ்வளவு மரியாதை பாரு. கேட்டுட்டுத்தான் செய்யுது” என்றார் அழகுமலை.

“உடனே ஆமான்னு சொன்னா நம்மளை லேசா நினைக்கும்ணே” என்றான் பிச்சைமணி.

“இல்லைன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிரும்” என்றான் பொன்னுக்காளை. அவனுக்கு இல்லை என்ற பதிலைக் கேட்டுப் பழக்கம் அதிகம்.

சாப்பிட்டுவிட்டு வந்து பதில் சொல்வதாக முடிவாயிற்று. மூன்று மணிக்கு வந்து, ஒருமனதாக, ஆமா என்றார்கள். உடனே திரையில் எழுத்து எழுத்தாக நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. காக்கவைத்ததற்குத் திட்டுகிறது என்று நினைத்து நால்வரும் கை கட்டி நின்றார்கள். ஓடி முடிந்தது. வைஃபை மட்டும் வரவில்லை.

பாய்க்குப் போன் போட்டார்கள். பாய் வாயில் சோற்றோடு, “சில நேரம் அப்படித்தான். ஒருதடவை வெளியே போயிட்டு மறுபடி உள்ளே வாங்க, சரியாயிரும்” என்றார்.

நால்வரும் எழுந்து, வரிசையாகக் கொட்டகையை விட்டு வெளியே போனார்கள். வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வைஃபை வந்திருந்தது!

வர வேண்டியது கொஞ்சம் தாமதமாக வந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்கு இது கண்கூடாகக் கண்ட உண்மை. அன்று முதல் எது மக்கர் பண்ணினாலும் வெளியே போய் உள்ளே வந்தார்கள். அழகுமலை வீட்டு மிக்ஸி சுற்றவில்லை என்று அவர் பெண்சாதியையும் ஒருதடவை அனுப்பினார். அந்த அம்மாள் போனவள் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே வந்தாள்.

அடுத்து சத்தம். ‘சத்தம் அடைத்துக் கிடக்கும். திறந்துவிட்டு, முழுசாக ஏற்றவும்’ என்று இருந்தது. மைக்செட் ஆள் வீரணனிடம் ‘முழுசாக’ என்று சொல்லலாமா? லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகி, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு, வேப்பமரத்தில் இரண்டு, பள்ளிக்கூட முக்கில் இரண்டு என்று ஆறு குழாய் ஸ்பீக்கர் கட்டினான். லேப்டாப் ஒரு தடவை ‘டிங்’ என்றது. ஊரில் இரண்டு மாடு அறுத்துக்கொண்டு ஓடின. “இதுதான் முழுசு” என்றான் வீரணன்.

இப்படியாகச் சனிக்கிழமை வந்தது. மிச்சம் இருந்தது கேமரா மட்டும்தான். திறந்தார்கள். பொன்னுக்காளை முகம் திரையில் தலைகீழாகத் தொங்கியது. மோவாய் மேலே, நெற்றி கீழே.

அவனுக்கு இதுவரை பதினைந்து இடம் தட்டிப்போயிருந்தது, அத்தனையும் நேராக இருந்த முகத்தைப் பார்த்துத்தான். வெளியே போய் உள்ளே வந்தார்கள். நாலு தடவை போய் வந்தார்கள். முகம் அப்படியே தொங்கியது. பாய்க்குப் போன் போட்டபோது அவர் அக்கா மகள் நிக்காஹுக்காக வேனில் போய்க்கொண்டிருந்தார்.

“அந்த மாடல்ல கேமராவையே தலைகீழாத்தான் மாட்டியிருக்காங்க. வேற சிஸ்டத்துல அதுவே சரி பண்ணிக்கும், லினக்ஸ்ல நாம ஒரு வரி எழுதணும். திங்கக்கிழமை நானே வந்து எழுதித் தர்றேன். அதுவரைக்கும் லேப்டாப்பை ஒண்ணும் பண்ணிராதீங்க. அசைக்கக்கூடச் செய்யாதீங்க!” என்று கத்தினார். லைன் அறுந்துவிட்டது.



“அண்ணே, லேப்டாப்பைக் கவுத்து வச்சா?” என்றான் வீரணன்.

“அசைக்கக் கூடாதுன்னுட்டாரே.”

“கேமராவைப் பிடுங்கித் திருப்பினா?”

“ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னுட்டாரே.”

பிச்சைமணி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். அங்கே கப்பி தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு கயிற்றுச் சுருளைப் பார்த்தான். பிறகு பொன்னுக்காளையைப் பார்த்தான்.

“கேமராவைத் திருப்ப முடியாது. லேப்டாப்பைத் திருப்ப முடியாது. மிச்சம் இருக்கிறது யாரு?”

பொன்னுக்காளை ஒரு நிமிஷம் யோசித்தான். போட்டோவில் சிரிக்காமல் இருந்த முகம் கண் முன் வந்தது. “கட்டுங்கண்ணே” என்றான்.

பந்தல் கட்டுவதில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு நாற்காலியைத் தலைகீழாக உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பொன்னுக்காளையை அதில் உட்காரவைத்து, அதாவது தொங்கவைத்து, நெஞ்சுக்கு இரண்டு சுற்று, தொடைக்கு மூன்று சுற்று கட்டினான் பிச்சைமணி. வேட்டி முகத்தில் விழாமல் முழங்காலோடு சேர்த்து ஒரு கட்டு. சட்டைக்கு ஊசி. பின்னால் முருகன் காலண்டரைத் தலைகீழாக மாட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரையில் பார்த்தால் எல்லாம் அம்சமாக இருந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முருகன் நேராக நின்றார். பொன்னுக்காளைக்கு எண்ணெய் தேய்த்து வாரின முடி மட்டும் உச்சியில் நட்டக்குத்தாக நின்றது.

“முடி நிக்குதேண்ணே.”

“நிக்கட்டும். மாப்பிள்ளை முறுக்குன்னு நினைச்சுக்கிடுவாங்க” என்றார் அழகுமலை.

சரியாகப் பத்தரைக்கு லேப்டாப் மணி அடித்தது. ஆறு குழாயிலும் அடித்தது. ஊர் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் கூடிவிட்டது.

திரையில் வடிவும் அவள் அப்பா செல்லையாவும் வந்தார்கள். செல்லையா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகே நம்பியவர். கையில் காபி டம்ளர் வைத்திருந்தார்.

“வணக்கம் மாப்பிள்ளை. முகம் என்ன இப்படிச் செவந்திருக்கு?”

“வெக்கம் மாமா” என்றார் அழகுமலை, படத்தில் தெரியாத இடத்திலிருந்து.

“நல்ல பையன். கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?”

கேள்வி தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஊருக்கே முழங்கியது. பொன்னுக்காளை வாயைத் திறப்பதற்குள் தொட்டியடியிலிருந்து டீக்கடைக்காரர், “வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தான், விட்டுட்டான்!” என்று கத்தினார். “எங்க வீட்டு விசேஷத்துல ஏழு தடவை சோறு வாங்குனான்!” என்றது ஒரு பெண் குரல். லேப்டாப்பின் மைக் எல்லாவற்றையும் வாங்கிப் பெண் வீட்டுக்கு அனுப்பியது. “உண்மையைச் சொல்ற ஊரு” என்று செல்லையா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மரியாதைக்காக, “நீங்களும் காபி சாப்பிடுங்க மாப்பிள்ளை” என்றார்.

மாமனார் சொல்லிவிட்டார். செய்யாமல் இருக்க முடியுமா? பிச்சைமணி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து பொன்னுக்காளையின் வாயில் ஊற்றினான். அது வாயில் நிற்காமல் மூக்குக்குப் போய், கண்ணுக்குப் போய், நெற்றி வழியாகத் தரைக்குப் போயிற்று. செல்லையா பார்த்த திரையில் காபி மாப்பிள்ளையின் வாயிலிருந்து கிளம்பி, நெற்றி ஏறி, கூரையைப் பார்க்கப் பறந்தது.

“காபி மேல போகுதே!”

அழகுமலை அசரவில்லை. “இங்க எல்லாமே லேசானது மாமா. பாய் போட்டுக் குடுத்தது.”

செல்லையா தன் டம்ளரை ஒருதடவை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். வடிவு மட்டும் தலையைச் சாய்த்துத் திரையைக் கூர்ந்து பார்த்தாள். நட்டக்குத்தான முடி, மேலே போன காபி, சட்டைப்பையிலிருந்து எழும்பி மோவாய்க்கு வந்து நின்ற பேனா.

“என்ன சிஸ்டம் வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

பொன்னுக்காளைக்கு ரத்தமெல்லாம் தலையில் இருந்தது. கண்ணில் காபி. அந்தக் கண்ணால் அவளைப் பார்த்தான். அவன் தொங்கியபடி பார்த்ததால் அவள்தான் தலைகீழாகத் தெரிந்தாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்காக அவளும் தொங்குகிறாளே! அப்பாவையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களே! இவ்வளவு நல்ல பெண்ணிடம் பொய் சொல்ல அவன் மனம் கேட்கவில்லை.

“லேசான லினக்ஸுங்க. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. தரகர் சும்மா சொன்னாரு. இதை வாங்கி ஒம்பது நாள்தான் ஆகுது. நான் வெறும் பந்தக்காரன். நானூத்திப் பன்னெண்டு கல்யாணத்துக்குக் கட்டியிருக்கேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் உங்க கல்யாணத்துக்கு நானே வந்து கட்டித் தர்றேன். ஆனா நீங்க மொதல்ல கீழ இறங்கிருங்க. எனக்காக ரொம்ப நேரம் அப்படித் தொங்காதீங்க. கழுத்து வலிக்கும்.”

சொல்லும்போதே அழுதுவிட்டான். கண்ணீர் நெற்றிக்கு ஏறிப் போவதைப் பார்த்து செல்லையா எழுந்து நின்றுவிட்டார்.

வடிவுக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய சென்டரிலேயே அப்படி ஒரு கேமரா இருந்தது. போட்டோவில் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அவளுக்கு இப்போது பொத்துக்கொண்டு வந்தது. ஆறு குழாயிலும் சிரித்தாள். ஊரே சிரித்தது, எதற்கென்று தெரியாமல்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னோட பதில் என்னன்னா...” என்று ஆரம்பித்தாள்.

படம் அப்படியே நின்றுவிட்டது. சத்தமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியடியில் ஊரே மூச்சுப் பிடித்து நின்றது.

“வெளிய!” என்று கத்தினார் அழகுமலை.

மூவரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். பாதியில் பிச்சைமணி நின்றான். “அண்ணே, பொன்னுக்காளை உள்ள இருக்கான். ஒராள் குறைஞ்சா வராது!”

முடிச்சை அவிழ்க்க அவனால் முடியாது என்பதுதான் ஊரறிந்ததாயிற்றே. உத்தரத்தில் இருந்த கயிற்றை அறுத்து, நாற்காலியோடு ஒரு சவுக்குக் கம்பில் கோத்து, தலைகீழாகவே பொன்னுக்காளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேர் வருகிறது என்று ஊர் வழி விட்டது. வேப்பமரத்தை ஒரு சுற்று. மறுபடி உள்ளே. மாட்டிவிட்டுத் திரும்பினால், வடிவு அசைந்துகொண்டிருந்தாள்.

“எங்க போனீங்க எல்லாரும்? சம்மதம்னு மூணு தடவை சொல்லிட்டேன்!”

அதற்குப் பிறகு ஊரில் நடந்த கூத்தில் குழாய் இரண்டு கீழே விழுந்தன. செல்லையா அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் வந்து பூ வைக்கும்படி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மைதீன் பாய் சொன்னபடி வந்து, ஒரு வரி எழுதிப் படத்தை நேராக்கினார். சோதித்துப் பார்க்கப் பொன்னுக்காளையை வழக்கம்போலத் தலைகீழாகக் கட்டி எதிரே தொங்கவிட்டார்கள். திரையில் தலைகீழாகத் தெரிந்தான்.

“நல்லா இருந்த ஆளைக் கெடுத்துட்டீங்களே பாய்” என்றார் அழகுமலை வருத்தமாக. பாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பூ வைக்கப் போகும் நாளுக்கு முன் கொட்டகையில் நீண்ட விவாதம் நடந்தது.

“அந்தப் பொண்ணு பாத்துச் சம்மதம் சொன்னது எந்தப் பொன்னுக்காளைக்கு?” என்று கேட்டார் அழகுமலை.

“தலைகீழ்ப் பொன்னுக்காளைக்கு.”

“இப்ப நேரா கொண்டுபோய் நிறுத்தினா?”

“ஆள் மாறாட்டம்ணே” என்றான் வீரணன்.

“பொய் சொல்ற ஆள் வேண்டாம்னு சொன்ன பொண்ணு” என்றான் பொன்னுக்காளை. “கட்டுங்கண்ணே.”

செல்லையா வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து, பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையை நாற்காலியோடு கம்பில் தலைகீழாக இறக்கினார்கள். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்றார்கள். வடிவு ஓடி வந்து, “ஐயோ, நிமித்துங்க அவரை!” என்றாள். சொன்னபடி நாற்காலியோடு நிமிர்த்தி, கூடத்தில் வைத்தார்கள். நிமிர்ந்த வேகத்தில் பொன்னுக்காளைக்குக் கண் இருட்டியது, எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

செல்லையா கிட்டே வந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். ஒரு டம்ளர் காபி கொண்டுவரச் சொல்லி அவன் வாயில் ஊற்றினார். காபி தொண்டைக்குள் இறங்கிப் போயிற்று.

“இவர் அவர் இல்ல” என்றார் செல்லையா. “நான் கண்ணால பாத்தவருக்கு முடி நட்டக்குத்தா நிக்கும். காபி மேல போகும். ஆளை மாத்திக் கொண்டுவந்திருக்கீங்க!”

“பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்!” என்று அழகுமலை சந்தோஷமாகத் தன் ஆட்களைப் பார்த்தார். உடனே பொன்னுக்காளையை மறுபடி கவிழ்த்தார்கள். செல்லையா திரும்பி நின்று, குனிந்து, தன் இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இவரேதான்! காபி கொண்டாங்க!”

பொன்னுக்காளை தலைகீழாக வடிவைப் பார்த்தான். அவள் இன்றைக்கும் தலைகீழாகத்தான் தெரிந்தாள். அன்றைக்குத் தொங்கினவள் இன்னும் இறங்கவில்லையே என்று அவன் கண்ணீர் மறுபடி நெற்றிக்கு ஓடியது. வடிவு அவனையும், காலுக்கு நடுவே சிரிக்கும் அப்பாவையும், கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூவரையும் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

“ஏதோ சிக்கல் போல இருக்கு. அவரை மெதுவா நிமித்தி வச்சுட்டு, எல்லாரும் ஒருதடவை வெளியே போயிட்டு உள்ளே வாங்க. சரியாயிரும்.”

“தங்கச்சிக்கு விஷயம் தெரியும்!” என்றார் அழகுமலை. நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூவரும் வரிசையாக வெளியே போனார்கள். இவ்வளவு ஒழுங்கைப் பார்த்து செல்லையாவும் அவர்கள் பின்னால் போனார். ஆரத்திப் பெண்களும் போனார்கள். வடிவு கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அடுப்படியிலிருந்து அவள் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

பிச்சைமணியின் முடிச்சைப் பத்து நிமிஷம் போராடி வடிவு அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். பொன்னுக்காளை எழுந்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான்.

“இறங்கிட்டீங்களா?” என்று கேட்டான், ரொம்ப நிம்மதியாக.

“இறங்கிட்டேன்” என்றாள் வடிவு.

வெளியே அவர்கள் வீட்டைச் சுற்றி வந்து கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை. தட்டினார்கள்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது.

அழகுமலை பின்னால் திரும்பி, தாழ்ந்த குரலில், “பாஸ்வேர்டு கேக்குதுடா” என்றார்.

வீரணனுக்குப் பயம் போவதற்காக யாரோ இரண்டு வடை கொண்டுவந்தார்கள். வடை தீர்ந்ததும் பிச்சைமணியும் செல்லையாவும் ஆளுக்கொரு முனையாகத் துண்டைப் பிடித்துக் கதவை மறைத்தார்கள், கதவின் மேல் பாரம் படாமல். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வீரணன் கதவின் மேல் ஒவ்வொரு எழுத்தாக விரலால் அழுத்த ஆரம்பித்தான்.

உள்ளே இரண்டு பேரும் பேசி முடிக்கவில்லை, அதனால் கதவு திறக்கவில்லை. “தப்பாயிருச்சு, மறுபடி மொதல்ல இருந்து” என்றார் செல்லையா, கண்ணைத் திறக்காமலே. “மொத்தம் நாப்பத்தோரு தடவையாமே? இது மூணாவதுதான்.”